திரையில் இருந்த மரத்தைக் காணவில்லை

2026 ஜனவரி 4, ஞாயிற்றுக்கிழமை. எமது மாதர் சங்கத்தின் அந்த வருடத்து முதலாவது கூட்டம். பொதுநோக்கு மண்டபத்தில் பாய் விரித்து, பெண்கள் ஒவ்வொருவராக வந்து அமர்ந்துகொண்டிருந்தார்கள். பொருளாளர் என்ற முறையில் வழமைபோலக் கணனியை இயக்கிவிட்டு, திரையில் மரம் தோன்றும்வரை காத்திருந்தேன். மரம் தோன்றவில்லை.

மரம் என்று நான் சொல்வது ஒரு சின்னப் படத்தை. 2019 ஆம் ஆண்டில் எமது சங்கத்துக்கு ஒரு கணனி அன்பளிப்பாகக் கிடைத்தது. அதில் கணக்கு எழுதும் முறையை எனக்குக் காட்டித் தந்த இளைஞர், எக்செல்லில் ஒரு கணக்குப் புத்தகத்தை உருவாக்கி, அதனைத் திறப்பதற்காக டெஸ்க்டொப்பில் ஒரு 'ஷோர்ட்கட்' போட்டுத் தந்தார். அதற்குப் பச்சை மரம் ஒன்றின் படத்தையும் தெரிந்தெடுத்து வைத்தார். "அக்கா, வேறொன்றையும் தொட வேண்டாம். மரத்தில் இரண்டு முறை தட்டினால் கணக்கு வரும்" என்றார். ஆறரை வருடமாக அப்படியே செய்தேன். மரத்தைத் தட்டினேன், கணக்கு வந்தது. அதற்கு அப்பால் அந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று திரையில் இருந்தது புதிய நீல நிறப் படமும், கீழே நடுவில் வரிசையாகச் சில சின்னங்களும் மட்டும்தான். காரணம் எனக்குத் தெரியும். எங்கள் கணனியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழமையான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்தப்பட்டன. அப்படி நின்ற பின்னரும் கணனி வேலை செய்யும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இல்லாத வீடு போல அது ஆகிவிடும். சங்கத்தின் பணக் கணக்கு உள்ள கணனி என்பதால் விண்டோஸ் 11 க்கு மாற்றுவது என்று நிர்வாக சபையில் தீர்மானித்து, டிசெம்பரில் ஒரு கடையில் கொடுத்தோம். மூன்றாம் நாள் திரும்பி வந்தது. "எல்லாம் சரி அக்கா" என்றார்கள். நானும் சரி என்று கையொப்பமிட்டு எடுத்து வந்தேன். கூட்ட நாள்வரை அதைத் திறந்து பார்க்கவில்லை.

எனினும் எனக்குப் பதற்றம் வரவில்லை. ஏனென்றால் என்னிடம் பென்டிரைவ் இருந்தது. கணனியைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன்னர் மரத்தைப் பென்டிரைவில் பிரதி எடுத்து, கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தேன். அதைச் செருகினேன். பென்டிரைவுக்குள் மரம் இருந்தது. இரண்டு முறை தட்டினேன். இந்தக் குறுக்குவழி காட்டும் இடம் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது. மூடிவிட்டு மறுபடியும் தட்டினேன். மறுபடியும் அதே பெட்டி.

அப்போதுதான் கை நடுங்கத் தொடங்கியது.

அன்றைய கூட்டத்துக்கு ஒரு விசேட காரணம் இருந்தது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலுடன் வந்த வெள்ளம் எமது ஊரையும் விட்டுவைக்கவில்லை. எமது அங்கத்தவர்களுள் ஒரு அக்காவின் வீட்டுக்குள் மார்பளவு தண்ணீர் நின்றது. தையல் இயந்திரம், அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகங்கள் எல்லாம் போயின. சங்கத்தின் சேமிப்புப் புத்தகமும் அவற்றோடு போனது. போனது என்றால் முற்றாகப் போகவில்லை. அவர் அதை வெயிலில் காய வைத்துக் கொண்டுவந்திருந்தார். பக்கங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, பேனா மை நீலமாகக் கரைந்து, ஒரு இலக்கமும் வாசிக்க முடியாத நிலை. அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன் வரிசையில் இருந்தார். தனது சேமிப்பை எடுத்துத் தையல் இயந்திரத்தைத் திருத்த வேண்டும் என்பது அவரது விண்ணப்பம். வீட்டுக்கு வருமானம் அந்த இயந்திரம் ஒன்றுதான்.

"எவ்வளவு இருக்குது எண்டு எனக்குச் சரியாத் தெரியாது. ஆனா ஒரு மாதமும் விடேல்ல. எடுத்த கடனும் கட்டி முடிச்சிட்டன்" என்றார்.

"தங்கச்சி, கணக்கைத் திறவுங்கோவன்" என்றார் தலைவி என்னைப் பார்த்து.

நான் உண்மையைச் சொன்னேன். மண்டபம் அமைதியானது. பின்னர் ஒருவர், "அப்ப எங்கட எல்லாற்ற கணக்கும் போச்சுதோ?" என்று கேட்டார். இன்னொருவர், அந்த அக்காவின் கடன் முடிந்ததா இல்லையா என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. 42 பெண்களின் பணம் அது. கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கேள்வி வந்ததும், அந்த அக்கா மடியில் இருந்த புத்தகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். தவறு என்னுடையது. தலை குனிந்தது அவருக்கு.

கடதாசியில் கணக்கு இல்லையா என்று வாசகியர் கேட்கலாம். ஆரம்பத்தில் மாதா மாதம் அச்சடித்துக் கோவையில் போட்டோம். 2022 இல் நாட்டில் பொருளாதார நெருக்கடி வந்து, கடதாசி, மை எல்லாம் விலையேறியபோது அந்த வழக்கம் நின்றது. "கணனியில்தானே இருக்கிறது" என்று நான்தான் சொன்னேன். பழைய கோவைகள் இருந்த அலுமாரியின் கீழ்த் தட்டும் வெள்ளத்தில் நனைந்துவிட்டது.

கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். "நாங்கள் சி டிரைவை மட்டும்தான் அழித்துப் புதிதாகப் போட்டோம் அக்கா. மற்றதைத் தொடவில்லை" என்றார்கள். "மற்றது என்றால் எது?" என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலே தொலைபேசியை வைத்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை.

மறுநாட் காலை, உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். அவள் முதலில் பென்டிரைவைத் திறந்து, மரத்தின் மேல் மௌஸை வைத்து வலப் பக்கப் பொத்தானை அழுத்தி, 'புரொப்பட்டீஸ்' என்பதைத் தெரிவு செய்தாள்.

"அன்ரி, இதின்ர அளவைப் பாருங்கோ. 2 கிலோபைட் கூட இல்லை. ஆறு வருசக் கணக்கு இதுக்குள்ள எப்பிடி அடங்கும்?"

பின்னர் அவள் எனக்கு விளக்கியதை, எனக்கு விளங்கியபடி இங்கே எழுதுகிறேன். ஷோர்ட்கட் என்பது கணக்கு அல்ல. அது ஒரு வழிகாட்டிப் பலகை. சந்தியிலே 'ஆஸ்பத்திரி' என்று எழுதி அம்புக்குறி போட்டு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பிடுங்கினால் ஆஸ்பத்திரி இடிந்துவிடாது. அதேபோல, பலகையைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆஸ்பத்திரியும் கூடவே வந்துவிடாது. நான் செய்தது இந்த இரண்டாவது வேலை. கணக்கைப் பிரதி எடுத்ததாக எண்ணிக்கொண்டு, பலகையைப் பிடுங்கிக் கைப்பையில் வைத்திருந்தேன்.

1995 ஆம் ஆண்டு விண்டோஸ் 95 வந்த காலந்தொட்டு இந்த ஷோர்ட்கட்டுகள் இருக்கின்றன. சாதாரணமாக அவற்றின் படத்தில், இடப்புறக் கீழ் மூலையில் ஒரு சின்ன வளைந்த அம்புக்குறி இருக்கும். 'நான் பொருள் அல்ல, பொருளுக்கு வழி' என்பதே அந்த அம்புக்குறியின் அர்த்தம். ஆறரை வருடமாக அந்த அம்புக்குறி என் கண் முன்னே இருந்தது. அதுவும் மரத்தின் ஒரு பகுதி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அப்படியானால் மரம் ஏன் மறைந்தது? நாம் திரையில் காணும் டெஸ்க்டொப்பும் உண்மையில் ஒரு போல்டர்தான். அது சாதாரணமாக இருப்பது சி டிரைவுக்குள். விண்டோஸும் அங்கேதான் இருக்கிறது. சி டிரைவை முற்றாக அழித்துப் புதிய இயங்குதளத்தைப் பதிக்கும்போது டெஸ்க்டொப்பில் இருந்தவையும் சேர்ந்து அழிந்துவிடும். பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றும் முறையும் உண்டு. அந்த முறையில் எமது கோப்புகளும் டெஸ்க்டொப்பும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இரண்டில் எதைச் செய்யப் போகிறார்கள் என்று கடையில் நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

எமது நல்ல காலம், கணக்கை உருவாக்கித் தந்த அந்த இளைஞர் அதை டி டிரைவில் வைத்திருந்தார். பிள்ளை 'திஸ் பீசி' என்ற இடத்தைத் திறந்து, எக்செல் கோப்புகளை மட்டும் தேடித் தரும்படி கேட்டாள். சில நிமிடங்களில் கணக்கு வந்துவிட்டது. புதிய விண்டோஸ் பதிக்கப்பட்டபோது டி என்ற எழுத்து ஈ என்று மாறியிருந்தது. பென்டிரைவில் இருந்த மரம் டியைத் தேடிப் போய், அங்கே ஒன்றையும் காணாமல் திரும்பியதன் காரணம் அதுதான்.

மகிழ்ச்சியோடு திறந்தோம். மீண்டும் இடி விழுந்தது. பெண்களின் பெயர்கள் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கிடந்தன. கணக்கு பழுதாகிவிட்டது என்றே நான் எண்ணினேன். பிள்ளை சிரித்தாள். நாங்கள் பெயர்களைத் தட்டச்சு செய்தது பாமினி எழுத்துருவில். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துக் காட்டும் பழைய முறை. அந்த எழுத்துரு இல்லாத கணனியில் 'அம்மா' என்ற சொல், எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். நாங்கள் முன்னர் கணனியில் பதித்திருந்த பாமினியும் சி டிரைவோடு அழிந்திருந்தது. அவள் தன் பாடசாலைக் கணனிக்கூடத்திலிருந்து எழுத்துருவை எடுத்து வந்து பதித்தாள். பெயர்கள் எல்லாம் தமிழாகின. இலக்கங்களுக்கு எந்தக் குறையும் வரவில்லை.

அந்த அக்காவின் பெயருக்கு நேரே விரலை வைத்து வாசித்தேன். 2019 ஓகஸ்ட்டில் சேர்ந்தவர். மாதம் 500 ரூபா. 2020 ஏப்ரல், மே கட்டங்கள் இரண்டும் வெறுமையாக இருந்தன. அது ஊரடங்குக் காலம், கூட்டமே நடக்கவில்லை. அந்த யூலைக் கட்டத்தில் 1,500 ரூபா என்று இருந்தது. விட்ட இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார். 2025 டிசெம்பர்வரை 77 மாதம், மொத்தம் 38,500 ரூபா. வெள்ளம் வந்து வீடு கிடந்த கிடையில், டிசெம்பர்ப் பணத்தையும் அவர் கட்டியிருந்தார். 2023 மார்ச்சில் எடுத்த 30,000 ரூபாக் கடன், மாதம் 2,500 ரூபா வீதம் 12 தவணைகளில், 2024 மார்ச்சுடன் முடிந்திருந்தது. அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி.

அன்று மாலையே நிர்வாக சபை கூடிப் பணத்தைக் கொடுத்தது. அத்தாட்சி கேட்ட சகோதரியே அவரது வீட்டுக்கு என்னோடு வந்தார். "பிழையா நினையாதேங்கோ அக்கா" என்றார். "நீங்கள் கேட்டது சரிதானே, பிள்ளை" என்று அவர் சொன்னார். நான் தான் ஒன்றும் பேச முடியாமல் நின்றேன்.

சகோதரிகளே, இது எக்கணனியிலும் நடக்கக்கூடிய காரியம். உங்கள் சங்கத்திலும், கடன் குழுவிலும், முன்பள்ளியிலும் எங்கோ ஒரு 'மரம்' இருக்கும். ஆகவே நாங்கள் பட்டறிந்து இப்போது செய்து வருபவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, இன்றே உங்கள் ஷோர்ட்கட்டின் மேல் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி 'புரொப்பட்டீஸ்' என்பதைத் திறவுங்கள். 'டார்கெட்' என்ற பெட்டியில் உண்மையான கோப்பு இருக்கும் இடம் எழுதப்பட்டிருக்கும். எந்த டிரைவ், எந்த போல்டர், கோப்பின் பெயர் என்ன என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சி டிரைவில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

இரண்டாவது, பிரதி எடுக்கும்போது அந்தக் கோப்பையே எடுங்கள். எடுத்த பின் அதன் அளவைப் பாருங்கள். 1 அல்லது 2 கிலோபைட் என்று இருந்தால் நீங்கள் எடுத்தது பலகையாக இருக்கலாம். பின்னர் பென்டிரைவை வேறொரு கணனியில் செருகித் திறந்து பாருங்கள். வேறு கணனியில் திறந்தால்தான் அது பிரதி. ஒரு பென்டிரைவ் மண்டபத்திலும் மற்றது இன்னொருவரின் வீட்டிலும் இருக்கட்டும். இரண்டையும் ஒரே அலுமாரியில் வைத்தால் ஒரே வெள்ளத்தில் இரண்டும் போகும்.

மூன்றாவது, இயங்குதளத்தை மாற்றக் கொடுக்கும் முன்னர் திரையை ஒரு கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சி டிரைவை அழிப்பீர்களா, பழையதன் மேலே ஏற்றுவீர்களா என்று கேளுங்கள். பாமினி போன்ற எழுத்துருக்களின் பெயர்களை எழுதிக் கொடுங்கள். திரும்பப் பெறும்போது கடையிலேயே கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். நான் வெட்கப்பட்டதால் ஒரு இரவு முழுவதும் விழித்திருந்தேன்.

நான்காவது, காணாமற்போன ஷோர்ட்கட்டை நாமே மீண்டும் உருவாக்கலாம். கோப்பின் மேல் வலப் பக்கப் பொத்தானை அழுத்தி, விண்டோஸ் 11 ஆயின் 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' என்பதற்குப் போய், 'சென்ட் டு' என்பதில் 'டெஸ்க்டொப்' என்பதைத் தெரிவு செய்தால் போதும். ஒரு நிமிட வேலை.

ஐந்தாவது, மாதக் கணக்கை அச்சடித்து மூவர் கையொப்பமிட்டுக் கோவையில் போடும் வழக்கத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். அந்த அக்காவின் கடதாசி நனைந்தபோது கணனி காப்பாற்றியது. கணனி வாய் மூடினால் கடதாசி பேச வேண்டும். புதிய பெயர்களை இப்போது யுனிகோட் தமிழில் தட்டச்சு செய்கிறோம். அதை வாசிக்க தனியான எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தச் சம்பவத்தின் பின் எனக்கு ஒரு பழைய நினைவு அடிக்கடி வருகிறது. யுத்த காலத்திலும் அதன் பின்னரும், கணவனை இழந்தோ தொலைத்தோ தனித்து நின்ற பெண்கள் சிலர் எங்கள் சங்கத்துக்கு வருவார்கள். காணி உறுதி எங்கே என்று கேட்டால், "அவர்தான் வைச்சிருந்தவர்" என்பார்கள். வங்கிப் புத்தகம் எங்கே என்று கேட்டாலும் அதே பதில்தான். சொந்தக் காணியில் சீவித்துக்கொண்டே அதன் உறுதி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியாத நிலை. "நீங்கள் விசாரித்து வைத்திருக்க வேண்டாமா அக்கா" என்று அவர்களிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதே நான், 42 பேரின் பணக் கணக்கை ஒரு மரப்படத்தை நம்பி வைத்திருந்தேன். யாரோ ஒருவர் வழி போட்டுத் தந்தார், நான் அதில் நடந்தேன். வழி மறைந்ததும் என் சொந்தப் பொருளுக்கே நான் அந்நியமானேன்.

குறுக்குவழி தவறானதல்ல. வேலை அதிகமுள்ள பெண்களுக்கு அது பெரிய உதவி. மரத்தை மீண்டும் திரையில் வைத்திருக்கிறோம். எனக்கு அதைப் பார்க்காமல் கணனி முன் இருக்க முடியாது. ஆனால் நேர்வழி தெரிந்த பின்னரே குறுக்குவழியில் போக வேண்டும்.

பெப்ரவரிக் கூட்டத்தில் ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்தோம். ஒவ்வொரு மாதமும் இரண்டு அங்கத்தவர்கள் முன்னே வந்து, மரத்தைத் தொடாமல் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். முதல் மாதம் யார் வருகிறீர்கள் என்று தலைவி கேட்டபோது, வெள்ளத்தில் புத்தகத்தை இழந்த அந்த அக்காவே எழுந்து வந்தார். மௌஸைப் பிடிக்கத் தெரியாமல் இரண்டு முறை தவறவிட்டார். மூன்றாம் முறை ஈ டிரைவைத் திறந்து, போல்டரைத் திறந்து, தன் பெயரைத் தானே கண்டுபிடித்தார்.

"இந்தா, இஞ்ச இருக்குது" என்றார், எல்லோரையும் திரும்பிப் பார்த்து.